நரம்பென்று பெயர் பெற்ற புழு

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் சற்று நின்று பார்ப்பவருக்கு இயற்கை ஒரு பாடத்தையே நடத்திக் காட்டுகிறது. முழங்காலளவு நீரில் எருமைகள் கிடக்கின்றன. அவற்றின் முதுகில் வெண்ணிறக் கொக்குகள் உட்கார்ந்திருக்கின்றன. நம் மக்கள் அவற்றுக்கு உண்ணிக்கொக்கு என்று பெயரிட்டார்கள். எருமையின் குருதியை உறிஞ்சும் உண்ணியையும், எருமை நடக்கும்போது புல்லிலிருந்து எழும் பூச்சியையும் கொத்தித் தின்பதால் வந்த பெயர் அது. கரையோரத்து மாமரத்தில், அந்த மரத்துக்கு உரியதல்லாத ஓர் இலைக்கொத்து தழைத்து நிற்கிறது. அது புல்லுருவி. சின்னஞ்சிறு குருவிகள் அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுத்த விதையைக் கிளையில் விட்டுச் செல்கின்றன. விதை முளைத்துப் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீரையும் உப்பையும் உறிஞ்சுகிறது. மேலே எங்கோ குயிலொன்று கூவுகிறது. அதை வளர்த்து ஆளாக்கியது ஒரு காகத்தின் கூடாகவே இருக்கும்.

உண்ணியும் புல்லுருவியும் குயிலும் பிறர் உழைப்பில் வாழ்பவை. இத்தகைய உயிர்களை நாம் ஒட்டுண்ணி என்கிறோம். ஒட்டுண்ணிக்கு இடங்கொடுக்கும் உயிருக்கு நம் அறிவியல் நூலோர் ஓம்புயிர் என்று பெயர் வைத்தனர். விருந்தோம்பல் என்னும் சொல்லில் உள்ள அதே ஓம்புதல்தான் இங்கும் இருக்கிறது. அழையாத விருந்தாளியைத் தன் உடலையே உணவாக்கிப் பேணும் உயிர் என்று பொருள் விரியும்போது, அந்தச் சொல்லின் துயரம் நமக்கு விளங்குகிறது.

இந்த எண்ணங்களோடு ஏரிக்கரையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். எதிரே வானளாவ நிற்கின்றன அடுக்குமாடிக் குடியிருப்புகள். 1970-இல் தோன்றி, 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம் அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடிசை கட்டி வாழ்ந்தவர்கள் பலர், சிறப்பாக 2015 பெருவெள்ளத்துக்குப் பின்னர், அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். எங்கள் அருகில் அமர்ந்திருந்த ஒருவர் அந்த மாடிகளைக் காட்டி, "எல்லாம் ஒட்டுண்ணிங்க சார். இவங்க வந்ததுலேருந்துதான் இந்த ஊருக்கே நோய்" என்றார். அவர் கெட்டவராகத் தோன்றவில்லை. ஊரெல்லாம் சொல்வதை அவரும் சொன்னார், அவ்வளவே. ஆயினும் அந்தச் சொல் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நோய்க்கு ஓர் ஊரின் பெயரையும் மக்களின் பெயரையும் சூட்டிவிட்டு, நோய் வந்த வழியைப் பார்க்காமலே விட்டுவிடும் பழக்கம் மனிதகுலத்தில் மிகப் பழையது. அந்தப் பழக்கத்தின் வரலாற்றை ஒரு புழுவின் வரலாற்றைக் கொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு புழுவும் பல பெயர்களும்

நம் பாட்டன்மார் காலத்துத் தமிழில் நரம்புச் சிலந்தி என்றொரு நோய்ப்பெயர் உண்டு. இன்றைய இளைஞர் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். சிலந்தி என்றால் வலை பின்னும் பூச்சி மட்டுமன்று. கட்டியையும் புண்ணையும் தமிழர் சிலந்தி என்றே வழங்கினர். காலில் ஒரு கொப்புளம் எழும். நெருப்பில் வைத்ததுபோல எரியும். கொப்புளம் உடைந்தால் அதன் வாயில் வெள்ளை நூல் போன்ற ஒன்று தலைகாட்டும். அதைக் கண்டவர்கள் உடம்பின் நரம்பே வெளியே வருகிறது என்று எண்ணினர். ஆகவே நரம்புச் சிலந்தி என்றனர்.

இந்தப் பிழை தமிழர் மட்டும் செய்ததன்று. அறபு மருத்துவர்கள் இதை அல்-இர்க் அல்-மதனீ என்றனர். மதீனாவின் நரம்பு என்பது அதன் பொருள். பாரசீகத்தில் ரிஷ்தா, அதாவது இழை. வட இந்தியாவில் நாரு. ஒருவரையொருவர் அறியாத மக்கள், ஒரே காட்சியைக் கண்டு ஏறத்தாழ ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாக் கரையில் இதைக் கண்ட ஐரோப்பியர் கினியாப் புழு என்று அழைத்தனர். இவ்வாறு ஒரு புழு மதீனாவின் பெயரையும் சுமந்தது, கினியாவின் பெயரையும் சுமந்தது. உண்மையில் அது இரண்டு இடத்துக்கும் உரியதன்று. நைல் நதிக்கரையிலும் செங்கடல் கரையிலும் துருக்கிஸ்தானத்திலும் தக்காணத்திலும் அது வாழ்ந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர அருங்காட்சியகத்திலிருந்த ஓர் எகிப்தியச் சிறுமியின் பதனிட்ட உடலை 1975-இல் பிரித்துப் பார்த்தபோது, வயிற்றுச் சுவரில் இந்தப் புழு சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. அந்தச் சிறுமிக்கு வயது பதின்மூன்று அளவில் இருக்கும்.

மருத்துவ மேதை இப்னு ஸீனா இந்நோயைத் தம் பெருநூலாகிய 'அல்-கானூன் ஃபித் திப்'பில் விரிவாக எழுதியுள்ளார். அவர் 980-இல் புகாரா நகருக்கு அருகே பிறந்து 1037-இல் மறைந்தவர். வெளியே தலைகாட்டும் இழையை அறுந்துவிடாமல் ஓர் ஈயத்துண்டில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்க வேண்டும் என்பது அவர் காட்டிய முறை. அறுந்துபோனால் உள்ளே வீக்கமும் சீழும் பெருகி நோயாளி படாத பாடு படுவார். ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும், இந்நோய் வந்தவருக்கு மருத்துவ உலகம் செய்யக்கூடியது ஏறக்குறைய இதுவேதான். சிறு குச்சியிலோ துணிச் சுருளிலோ நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் அளவு சுற்றிச் சுற்றி, வாரக்கணக்கில் வெளியே எடுக்கின்றனர். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

கானூன் நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோ நகரில் ஜெரார்டு என்பவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அந்த வழியில் மதீனாவின் பெயரும் ஐரோப்பா சென்றது. 1758-இல் உயிரினங்களுக்கு இருசொற் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்தப் புழுவின் பெயரிலும் 'மெடினென்சிஸ்' என்று சேர்த்தார். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் அன்போடு உச்சரிக்கும் ஒரு திருநகரின் பெயர், அறிவியல் நூல்களில் ஒரு புழுவின் அடைமொழியாகவும் நிற்கிறது. அங்கே வந்துபோகும் பயணிகளிடம் அந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது என்பதைத் தவிர அந்த நகரம் செய்த பிழை எதுவுமில்லை. பெயர்கள் எத்துணை அநீதியாக அமைந்துவிடுகின்றன என்பதற்கு இது ஒன்றே சான்று.

நீரில் தொடங்கி நீரில் முடியும் வாழ்வு

இந்தப் புழுவின் வாழ்க்கை வட்டத்தைப் புரிந்துகொண்டால், இயற்கையில் ஒட்டுண்ணி எப்படி வாழ்கிறது என்பது தெளிவாகும்.

தேங்கிய நீரில் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சி வாழ்கிறது. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான் அதன் நீளம். கண்ணாடிக் குவளையில் நீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளும் வெண்புள்ளியாகத் தெரியும். புழுவின் குஞ்சுகளை அது விழுங்குகிறது. அதன் உடலுக்குள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அக்குஞ்சுகள் மனிதனைத் தொற்றும் பக்குவத்தை அடைகின்றன. அந்த நீரை மனிதன் பருகுகிறான். வயிற்றின் அமிலத்தில் சைக்ளாப்ஸ் மடிகிறது, குஞ்சுகள் மடிவதில்லை. அவை குடலைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. ஆணும் பெண்ணும் கூடியபின் ஆண் புழு இறந்துவிடுகிறது. பெண் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. ஓராண்டில் அது ஒரு மீட்டர் நீளம் வரையும் வளரும். தடிமனோ ஒன்றிரண்டு மில்லிமீட்டரே.

இந்த ஓராண்டில் ஓம்புயிராகிய மனிதனுக்கு எதுவும் தெரிவதில்லை. அவன் உழுகிறான், களை பறிக்கிறான், பிள்ளைகளைக் கொஞ்சுகிறான். அவன் உண்ட உணவில் அந்தப் புழுவும் வளர்கிறது. ஆண்டு நிறையும் தறுவாயில் அது பெரும்பாலும் காலை நோக்கி இறங்கி, தோலுக்கடியில் கொப்புளத்தை எழுப்புகிறது. எரிச்சல் தாங்க முடிவதில்லை. எரியும் காலை மனிதன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? குளிர்ந்த நீரில்தான். குளத்துப் படியில் இறங்கிக் காலை நனைக்கிறான். எரிச்சல் சற்றே தணிகிறது. அதே நொடியில் புழு தன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த காரியத்தை முடித்துக்கொள்கிறது. இலட்சக்கணக்கான குஞ்சுகளை அது நீரில் சொரிகிறது. அந்த நீரில் சைக்ளாப்ஸ் இருக்கிறது. அந்த நீரைத்தான் ஊர் குடிக்கிறது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த மனிதன் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. வலிக்கு ஆறுதல் தேடினான். அவன் தேடிய ஆறுதலே அடுத்த ஆண்டு அவன் அண்டை வீட்டாருக்கும் அவன் பிள்ளைக்கும் நோயாகிறது. நாற்று நடும் காலத்தில் குடும்பமே படுத்துவிட்டால் நிலம் தரிசாகும், கடன் ஏறும். ஏழை ஊரை நோய் பிடித்தது. நோய் பிடித்த ஊர் மேலும் ஏழையாயிற்று. வெளியிலிருந்து பார்த்தவர்களோ அந்த ஊரைச் சோம்பேறிகளின் ஊர் என்றும் அழுக்கு மனிதர்களின் ஊர் என்றும் பேசினர்.

வழி தெரிந்த நாள்

இந்த வட்டத்தின் மறைந்திருந்த கண்ணியைக் கண்டுபிடித்தவர் அலெக்ஸி ஃபெட்சென்கோ என்னும் ரஷ்ய இளைஞர். துருக்கிஸ்தானத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், 1870-ஆம் ஆண்டு வாக்கில், புழுவின் குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடலுக்குள் புகுந்து வளர்வதை நுண்ணோக்கியில் கண்டார். மூன்றே ஆண்டுகளில், தம் இருபத்தொன்பதாம் வயதில், ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் அவர் உயிர்துறந்தார். ஆனால் அவர் கண்ட உண்மை பிழைத்தது. நோய் காற்றில் வருவதன்று, ஊழால் வருவதுமன்று. குடிக்கும் நீரில் ஒரு பூச்சிக்குள் ஒளிந்து வருகிறது. அப்படியானால் அந்தப் பூச்சி மனிதனின் வாய்க்குள் போகாமல் தடுத்தால் போதும்.

இந்த அறிவை முதலில் ஒரு நகரம் முழுவதிலும் செயற்படுத்திக் காட்டியது, வியப்பிலும் வியப்பாக, இப்னு ஸீனாவின் புகாராதான். அந்நகரின் குடிநீர், கற்படி கட்டிய ஹவுள்களிலிருந்து வந்தது. நம் பள்ளிவாசல்களில் ஒளூச் செய்யும் குளத்துக்கு நாம் எந்தப் பெயரை வழங்குகிறோமோ, அதே பெயர்தான். தோற்பையில் நீர் சுமப்போர் படிகளில் இறங்கி, நீரில் நின்று பையை நிரப்பினர். நோய் உள்ள கால் நீரில் இறங்கிற்று. நோய் கலந்த நீர் வீடுகளுக்குச் சென்றது. 1920-களில் லியோனித் இசாயெவ் என்னும் மருத்துவர் அங்கே பணியைத் தொடங்கினார். நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து, புழுவை எடுத்து, ஹவுள்களை வற்றச் செய்து, குழாய் நீருக்கு வழிகோலினர். 1930-களின் தொடக்கத்திற்குள் புகாராவில் அந்நோய் இல்லாமற் போயிற்று. ஈயத்துண்டில் இழையைச் சுற்றச் சொன்ன மேதை பிறந்த மண்ணில், சுற்றுவதற்கு இழையே இல்லாத நாள் வந்தது. இடையில் கழிந்தவை ஒன்பது நூற்றாண்டுகள்.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. மைசூர் அரசில் சித்ரதுர்க்கப் பகுதியில் வி. என். மூர்த்தி என்னும் ஆய்வாளர் 1930-களில் இந்நோயை ஆராய்ந்தார். கெண்டை இனத்துச் சிறு மீன்களைக் கிணறுகளில் விட்டால் அவை சைக்ளாப்ஸைத் தின்று தீர்க்கின்றன என்று அவர் காட்டினார். ஒரு சங்கிலியை அறுக்க இயற்கையே இன்னொரு சங்கிலியைத் தந்தது. ஆனால் ஒரு நாடு முழுவதும் இந்த அறிவு பரவ மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

தமிழகம் முந்திக்கொண்டது

1980-களின் தொடக்கத்தில் இந்திய அரசு நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது நோய்க்குரிய மாநிலங்களாகக் கணக்கிடப்பட்டவை ஏழு: இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு. 1984-இல் 89 மாவட்டங்களில் 12,840 சிற்றூர்களில் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் இருந்தனர்.

செய்த வேலை என்ன? ஊர் ஊராகச் சென்று நோயாளியைத் தேடினர். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, "குணமாகும்வரை குளத்தில் இறங்காதீர்கள், நீரை வேறொருவர் மொண்டு தரட்டும்" என்று சொல்லிப் புரியவைத்தனர். படிக்கிணறுகளின் படிகளை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, இராட்டினம் போட்டு இறைக்கும் கிணறாக மாற்றினர். கைக்குழாய்கள் இறக்கினர். சைக்ளாப்ஸைக் கொல்லும் டெமிபாஸ் மருந்தை அளவாக நீரில் கலந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். நெருக்கமாக நெய்த துணி ஒன்றைக் குடத்தின் வாயில் கட்டி நீரை ஊற்றினால், சைக்ளாப்ஸ் துணியிலேயே தங்கிவிடும். நம் வீட்டுப் பெண்கள் பழந்துணியைக் குடத்தின் வாயில் கட்டும் அந்த எளிய பழக்கம், உலகின் மிகத் தொன்மையான ஒட்டுண்ணி ஒன்றின் வாழ்வை முடிக்கும் ஆயுதமாயிற்று.

ஏழு மாநிலங்களில் முதலில் நோயிலிருந்து விடுபட்டது தமிழ்நாடுதான். 1980-களின் நடுப்பகுதி கடப்பதற்குள் இங்கே நரம்புச் சிலந்தி அற்றுப்போயிற்று. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் இந்தியா இந்நோய் அற்ற நாடெனச் சான்று பெற்றது.

உலக அளவிலும் இதே கதைதான். 1986-இல் உலகில் ஏறக்குறைய 35 இலட்சம் பேர் ஆண்டுதோறும் இந்நோயால் வருந்தினர். அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் அறக்கட்டளை அவ்வாண்டு முதல் உலக நலவாழ்வு அமைப்போடும் பிறரோடும் சேர்ந்து இந்தப் பணியை முன்நின்று நடத்தியது. 2024-இல் உலகம் முழுவதும் கண்டறியப்பட்ட நோயாளிகள் 15 பேர் மட்டுமே. அவர்கள் சாட், தெற்கு சூடான் ஆகிய நாட்டினர். அவ்வாண்டு டிசம்பரில்தான் கார்ட்டர் தம் நூறாம் வயதில் மறைந்தார். சாட் நாட்டு நாய்களிடம் இந்தப் புழு காணப்பட்டது ஒரு புதிய சிக்கல். ஆகவே பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறும் நாளில், மருந்தும் தடுப்பூசியும் இன்றி மனிதன் ஒழித்த முதல் நோய் என்ற பெருமையை இது பெறும். பெரியம்மையை ஒழிக்கத் தடுப்பூசி இருந்தது. இங்கே இருந்தது ஒரு முழத் துணியும், சொன்னதைக் கேட்டு நடந்த ஏழை மக்களின் ஒத்துழைப்பும்தான்.

மீண்டும் ஏரிக்கரையில்

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? நோயை மதீனாவின் நரம்பு என்று சொன்ன காலமெல்லாம் அது தீரவில்லை. கினியாவின் புழு என்று சொன்ன காலத்திலும் தீரவில்லை. இன்னின்ன ஊரார் அழுக்கர் என்று ஏசியபோதும் தீரவில்லை. ஒட்டுண்ணி எந்த ஊரின் குணத்திலும் இல்லை, எந்த மக்களின் இயல்பிலும் இல்லை. மனிதனுக்கும் அவன் நீருக்கும் இடையே உள்ள வழியில் இருக்கிறது என்று கண்ட பிறகே அது தீர்ந்தது. கால் நனையும் நீரும் குடிக்கும் நீரும் ஒன்றாக இருந்த இடத்தில் எல்லாம் புழு வாழ்ந்தது. இரண்டும் பிரிந்த இடத்தில் மடிந்தது. அதற்குச் சாதி தெரியாது, சமயம் தெரியாது.

மலேரியாவின் கதையும் இத்தகையதே. அந்தச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்துக் காற்றையும் சதுப்பு நிலத்து மக்களையும் உலகம் பழித்துக்கொண்டிருந்தது. 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியைக் கண்ட பின்னரே காற்றின் மீதிருந்த பழி நீங்கியது. சென்னை நகரில் மலேரியாவைப் பரப்பும் கொசு, சதுப்பு நிலத்தைத் தேடிச் செல்வதில்லை. கிணற்றிலும் மூடியில்லாத மாடித் தொட்டியிலும் முட்டையிடுகிறது. தொட்டிக்கு மூடி போட்டவர் வீட்டில் ஏழை பணக்காரர் வேறுபாடு அதற்கு இல்லை. மூடி போடாதவர் வீட்டிலும் இல்லை.

பாராசிடோஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஒட்டுண்ணியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் தோன்றின. தொடக்கத்தில் அது கோயில் விருந்தில் உடனிருந்து உண்ணும் உரிமை பெற்ற ஒரு மதிப்புக்குரிய பணியாளரின் பெயர். நாடகக்காரர்கள் அதைப் பிறர் பந்தியில் ஒட்டிக்கொள்ளும் முகத்துதிக்காரனுக்கு வைத்தார்கள். பிறகு அறிவியலார் புழு பூச்சிகளுக்கு வைத்தார்கள். இப்போது நாம் அதை மீண்டும் மனிதர்மேல் ஏற்றுகிறோம்.

அந்தத் தேநீர்க் கடையில் நம்மோடு பேசியவருக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. கடைக்கு எதிரே ஒரு பெண், நீர் நிறைந்த பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் ஏற்றி, மாடிப்படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். குடத்தின் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யார் சொல்லி அவர் அதைக் கட்டினாரோ, அவருடைய பாட்டி கட்டியதைப் பார்த்துக் கட்டினாரோ, நமக்குத் தெரியாது. கடைக்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம். பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணே, அந்தக் குடத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னோம். அவர் பார்த்தார்.